மைனஸ் 196 டிகிரியில் ஒரு கீரை: கொங்குப் பக்கத்திலிருந்து 77 கெல்வின் அளவீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோடு, கோபி, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் தாவரவியலோ உயிர்வேதியியலோ முதுகலை படிக்கிறீர்கள். புராஜெக்டுக்கு ஒளிச்சேர்க்கையை எடுத்தாயிற்று. "77 கெல்வின் ஸ்பெக்ட்ரம் ஒண்ணு போட்டுரு" என்று கைடு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதாவது, திரவ நைட்ரஜனின் குளிரில் உறைந்த பச்சையம் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று காட்டும் கோடு. கல்லூரியில் அதற்கான கருவி இல்லை, திரவ நைட்ரஜனும் இல்லை. நானும் அங்கேதான் நின்றேன். மூன்று தடவை போனதில் மூன்றாவது தடவைதான் உருப்படியாக ஒரு கோடு கிடைத்தது. முதல் தடவை கிடைத்த கோட்டைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிக் குதித்தேன். அது தப்பு என்று தெரிய ஒரு வாரம் ஆனது. இரண்டாவது தடவை கருவி இருந்தது, ஆள் இருந்தார், நைட்ரஜன் இல்லை.

என் அனுபவத்தில் கருவி முன்னால் உட்கார்ந்த பிறகு கெடுவது கொஞ்சம்தான். மாதிரியை உறைய வைப்பதற்கு முந்தைய அரை மணி நேரமும், அதற்கும் முந்தைய ஆறு வாரமும்தான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் அங்கேதான் நிறைய எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் குளிர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"குறைந்த வெப்பநிலை" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அது படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் எலக்ட்ரான் போகிற பாதையில் ஒரு மதகு அடைபடும்.

அறை வெப்பத்தில் எல்லாம் திறந்திருக்கும். ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைக் கிளப்பும் புரதமும் நிறமியும் சேர்ந்த கூட்டத்துக்கு ஒளித்தொகுதி என்று பெயர்; இலையில் முதல், இரண்டாம் என்று இரண்டு வகை உண்டு. இரண்டாம் ஒளித்தொகுதியில் ஒளி பட்டதும் அதன் நடுவிலுள்ள பச்சையமான பி680-இலிருந்து எலக்ட்ரான் கிளம்பி ஃபியோஃபைட்டினுக்குப் போய், அங்கிருந்து க்யூஏ என்ற குயினோனுக்கும், பிறகு க்யூபி-க்கும் தாவும். வெளியே கிளம்பும் குயினோன் அதைச் சுமந்துகொண்டு அடுத்த இடத்துக்குப் போகும். மைனஸ் 40, 50 டிகிரி வாக்கில் க்யூஏ-இலிருந்து க்யூபி-க்குப் போகும் வழி அடைபடுகிறது. உலர் பனிக்கட்டியின் குளிரில், அதாவது கிட்டத்தட்ட 200 கெல்வினில், தண்ணீரைப் பிளக்கும் மாங்கனீசுக் கொத்து ஒரே ஒரு படி (எஸ்1-இலிருந்து எஸ்2) நகர்ந்து அப்படியே நின்றுவிடும். 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரியில், அந்த ஒரு படியும் கிடையாது. ஆனால் பி680-இலிருந்து க்யூஏ வரை உள்ள ஓட்டம் மட்டும் நிற்காது. அது மூலக்கூறுகள் அசைந்து நடத்துகிற வேலை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிறமிகளுக்கு நடுவே பிக்கோ நொடிகளில் நடக்கும் தாவல். உறைந்தாலும் நடக்கும்.

எது எதற்கு என்றால்: மாங்கனீசுக் கொத்தைப் பார்க்க வேண்டுமானால் இபிஆர் (எலக்ட்ரான்களின் காந்தத் தன்மையை அளக்கும் கருவி) வேண்டும். அதற்கு 200 கெல்வினில் ஒளி காட்டி, 10 கெல்வின் அருகே அளக்க ஹீலியம் வேண்டும். முதுகலை புராஜெக்டுக்கு அது ஆகாத காரியம். ஆசைப்பட்டு ஒரு செமஸ்டரை விட்டவர்களைத் தெரியும். இரண்டு ஒளித்தொகுதிகளுக்கும் ஆற்றல் எப்படிப் பங்காகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், 77 கெல்வின் ஒளிர்வு நிறமாலை போதும். இந்தக் கட்டுரை அதற்கு மட்டும்தான்.

2. ஆறு வாரம் முன்னால்: காகிதம்

கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோஃபுளோரோமீட்டர். கோவைப் பக்கப் பல்கலைக்கழகங்களிலும் பெரிய கல்லூரிகளிலும் பொதுக் கருவி மையம் என்று ஒன்று இருக்கும். எங்கே எது இருக்கிறது என்று தேட மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. தேடி எடுத்த பிறகு முன்பதிவு செய்துவிடாதீர்கள். முதலில் போன் போட்டு, கருவியை இயக்குகிறவரிடமே இதைக் கேளுங்கள்:

உள்ளே கண்ணாடி விரல் போல் நீண்ட டூவார் குடுவை, அதாவது நைட்ரஜன் ஊற்றி மாதிரியை நிறுத்தும் துணைப்பொருள், உண்டா? "லோ டெம்பரேச்சர் வசதி உண்டு" என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் 10 டிகிரி வரை குளிர்விக்கும் பெல்டியர் தாங்கியாக இருக்கும்.

டிடெக்டர் 800 நானோமீட்டர் வரை பார்க்குமா? சிவப்புக்கு ஏற்ற ஒளிப்பெருக்கிக் குழாய் இல்லையென்றால் 700-க்கு மேல் கருவிக்குக் கண் மங்கிவிடும். நமக்கு வேண்டிய பாதிச் சேதி அங்கேதான் இருக்கிறது.

நைட்ரஜன் அவர்களுடையதா, நம்முடையதா? நான் கேட்காமல் விட்டது இதைத்தான். கட்டணத்தில் அடக்கம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அறுபது கிலோமீட்டர் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் போய் நின்றால், "நைட்ரஜன் நீங்கதானே கொண்டாரோணும்?" என்றார்கள். அன்றைய கட்டணம் திரும்ப வரவில்லை.

அறை விளக்கை அணைக்க விடுவார்களா? பக்கத்தில் நாமே நிற்கலாமா? சில இடங்களில் மாதிரியை வாங்கிக்கொண்டு, "மெயிலில் அனுப்புகிறோம்" என்பார்கள். அங்கே போகாதீர்கள். ஏன் என்பது ஏழாவது படியில் வரும்.

காகிதங்கள்: கைடு கையெழுத்திட்ட வேண்டுகோள் கடிதம், துறைத்தலைவர் வழியாக வந்தது என்று முத்திரையோடு, உங்கள் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் (மாணவர் கட்டணம் வாங்க இதுதான் சாட்சி, இல்லாவிட்டால் வெளியார் கட்டணம் போட்டுவிடுவார்கள்), மாதிரி என்ன, நச்சு உண்டா, கிருமி உண்டா என்று சொல்லும் ஒரு பக்க அறிவிப்பு. அதில் "கீரை இலையிலிருந்து பிரித்த தைலகாய்டு, 60 சதவீத கிளிசரால் கலந்தது" என்று நேராக எழுதுங்கள் (தைலகாய்டு என்பது பசுங்கணிகத்துக்குள் ஒளித்தொகுதிகள் பதிந்திருக்கும் சவ்வு). "உயிரியல் மாதிரி" என்று மட்டும் எழுதிய என் தோழியைப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

பணம் கல்லூரிக் கணக்கிலிருந்து போகிறதென்றால் கொட்டேஷன், ஒப்புதல், பணம், அப்புறம் தேதி என்றுதான் நகரும். அதற்கு மூன்று வாரம் வையுங்கள். மார்ச்சில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். நிதியாண்டு முடிவில் எந்தக் கணக்குப் பிரிவும் உங்கள் கீரைக்காக அசையாது. பொங்கல் வாரமும் வேண்டாம், நைட்ரஜன் டீலர் கடை திறக்க மாட்டார். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அந்த வருட அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே போடுங்கள். பணம் கைக்கு வருவதற்குள் புராஜெக்ட் முடிந்துவிடலாம். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, சின்னது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பாருங்கள், உங்கள் கல்லூரிப் பகுதிக்கும் அந்த மையத்தின் பகுதிக்கும் சேர்த்து. தைலகாய்டு பிரிக்கும் காலையில் சென்ட்ரிஃப்யூஜ் நின்றால் எல்லாம் போச்சு.

3. நைட்ரஜனைக் கையாளப் பழகுங்கள்

திரவ நைட்ரஜன் ஏதோ பெரிய நகரத்துச் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் கட்டுத்தறிக்கு மாதம் ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிற அண்ணன் பைக்கில் கட்டிக்கொண்டு வருவாரே, அந்த அலுமினியக் கேனுக்குள் இருப்பது இதேதான். உறைவிந்துக் குச்சிகள் அதில்தான் கிடக்கும். அவருடைய நைட்ரஜன் அரசுடையது, நமக்குக் கேட்பது முறையில்லை. ஆனால் கையாளும் விதத்தை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எந்தப் பாதுகாப்புக் கையேட்டையும்விட நன்றாகச் சொன்னார்.

மூடியை எடுத்ததும் கேனின் கழுத்திலிருந்து வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. மேலே எழவில்லை. "பாத்தீங்களா அம்மிணி, கீழதான் போகும். குழிக்குள்ள, ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டா ஆளுக்கு மூச்சு நின்னுரும். வாசமும் கெடையாது, தெரியவும் தெரியாது." ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு ஆகும். அறையிலுள்ள ஆக்சிஜனை அது தள்ளிவிடும். அவர் சொன்னதன் கணக்கு இதுதான்.

பிறகு ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினார். குச்சியில் பாதி வரை வெண்மையாகப் பனி படிந்தது. "இவ்வளவு இருக்குது." அவ்வளவுதான் அளவுமானி. குச்சி கெட்டியாக இருக்க வேண்டும். பைப் மாதிரி ஓட்டையுள்ளதை விட்டால் நைட்ரஜன் அதன் வழியே மேலே பீய்ச்சியடிக்கும்.

"மூடி லூசா இருக்குதுங்களே அண்ணா?" என்று அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அது மூச்சு வுடோணும். அடைச்சீங்கன்னா குண்டுதான்."

விலைக்கு வாங்குவது தொழிற்சாலை வாயு விற்கும் டீலர்களிடம். கோவையில் இவர்கள் பட்டறைகளுக்குக் கொடுப்பார்கள். புஷ்ஷைக் குளிர்வித்துச் சுருக்கி உள்ளே நுழைக்கத் திரவ நைட்ரஜன் பயன்படும். சில்லறையாகப் பத்து லிட்டர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் கொடுத்தால் கொடுப்பார்கள். உங்களிடம் கேன் இல்லையென்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். கேனை நிரப்பியதும் முதல் நாள் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், கேன் சூடாக இருந்திருக்கும். அதனால் முந்தைய நாள் நிரப்பி, மறுநாள் காலையில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொண்டுபோவது எப்படி? பஸ்ஸில் கூடாது. கண்ணாடி ஏற்றிய காரில் கூடாது. ஏசி போட்ட காரில் கூடவே கூடாது. திறந்த பின்பக்கம் உள்ள குட்டி யானையில் நிமிர்த்திக் கயிறு போட்டுக் கட்டி, ஆட்கள் முன்னால் உட்கார்ந்து போகலாம். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் கேனைத் தனியாக அனுப்புங்கள். மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும். கையுறை தளர்வாக இருக்கட்டும், உள்ளே சொட்டு விழுந்தால் உதறிக் கழற்ற வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பேன்ட்டை ஷூவுக்குள் செருகாதீர்கள், வழிந்தது உள்ளே தங்கிவிடும்.

4. இலையைத் தேர்வு செய்வது

ஆய்வுக் கட்டுரைகளில் 'ஸ்பினாச்' என்று பார்த்துவிட்டுச் சந்தையில் பாலக் வாங்குகிறோம். நம் ஊர்ப் பாலக் பெரும்பாலும் பீட்ரூட் இனத்தது. அந்த ஸ்பினாச் வேறு பேரினம். இரண்டும் ஒரே குடும்பம், வேலை நடக்கும். ஆனால் அறிக்கையில் சரியான பெயரை எழுதுங்கள். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

சந்தைக் கீரையின் பெரிய சிக்கல், அது எப்போது பறித்தது, எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்று தெரியாது. பட்டாணி விதையைத் தொட்டியில் போட்டு 12, 14 நாள் வளர்த்து எடுப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். கோடையில் கீழே சமவெளியில் பட்டாணி வாடும். அதற்கும் சேர்த்துத்தான் டிசம்பர், ஜனவரிக்குத் திட்டமிடுங்கள் என்கிறேன்.

நம் காட்டுச் சோளத்தை எடுக்க ஆசை வரும். எடுக்கலாம், ஆனால் அது சி4 செடி, கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் வேலையை இரண்டு வகைச் செல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வகை. அதன் கற்றை உறைச் செல்களில் (இலை நரம்பைச் சுற்றியுள்ளவை) உள்ள பசுங்கணிகங்களில் கிரானா அடுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தைலகாய்டு) மிகக் குறைவு, முதல் ஒளித்தொகுதிதான் அதிகம். பட்டாணியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சோளத்தில் ஏதோ கோளாறு" என்று எழுதிவிடாதீர்கள். முளைக்கீரையும் சி4 தான். மா, வேம்பு மாதிரி துவர்ப்பான இலைகளை அரைத்ததும் ஃபீனால்களால் பழுப்பாகிவிடும். புதிதாக இறங்குகிறவர்கள் தொட வேண்டாம்.

ஊட்டிக் குளிரையும் கோவை வெயிலையும் ஒப்பிடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வெள்ளரி மாதிரி குளிர் தாங்காத செடிகளின் இலையை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைத் திறந்தபடி வெளிச்சத்தில் கொண்டுவராதீர்கள். குளிரும் மங்கலான வெளிச்சமும் சேர்ந்தாலே வெள்ளரியில் முதல் ஒளித்தொகுதி சேதமாகும். மலையில் நடந்தது என்று நீங்கள் எழுதப் போகிற சேதம், மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் உங்கள் பெட்டிக்குள் நடந்ததாக இருக்கும்.

5. தைலகாய்டு பிரிக்கும் காலை

விடியற்காலையில் தொடங்குங்கள். எல்லாம் ஐஸில் இருக்க வேண்டும்: மிக்ஸி ஜார், பீக்கர், குழாய்கள், கரைசல். என் கரைசல் இது: 0.4 மோலார் சுக்ரோஸ், 50 மில்லிமோலார் ட்ரைசின், பிஹெச் 7.8, 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு.

கடைசியில் உள்ளதை மறந்தால் மொத்த வேலையும் வீண். மெக்னீசியம் இருந்தால்தான் கிரானா அடுக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் அடுக்கு பிரிந்து, தனித்தனியாக இருந்த இரண்டு ஒளித்தொகுதிகளும் கலந்து, இரண்டாவதன் ஆற்றல் முதலாவதற்கு வழிந்தோடும். நிறமாலையில் 735 நானோமீட்டர் பக்கம், அதாவது முதல் ஒளித்தொகுதியின் முகடு, உயரும். இதை வேண்டுமென்றே செய்து காட்டுவது நல்ல சோதனை: மெக்னீசியத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. நான் செய்தபோது இரண்டும் ஒரே மாதிரி வந்தது. காரணம் கண்டுபிடிக்க நாலு நாள். கண்ணாடிப் பாத்திரங்களைக் கடைசியாக அலசியது போர் தண்ணீரில். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏகத்துக்கு இருக்கும். கடைசி அலசல் அயனி நீக்கிய தண்ணீரில்தான்.

மிக்ஸியில் ஐந்து நொடி, நிறுத்தி, மறுபடி ஐந்து நொடி. மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், சட்னி அரைக்கவில்லை. வடிகட்ட மஸ்லின் துணி கேட்பார்கள். பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டியை நாலு மடிப்பாகப் போட்டால் அதுவேதான். புது வேட்டி வேண்டாம், கஞ்சி இருக்கும், அடைத்துக்கொள்ளும். பிழியாதீர்கள், தானாக வடியட்டும். வடிந்ததை முதலில் மெதுவாக, 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) ஒரு நிமிடம் சுற்றி மண்டியைத் தள்ளுங்கள். மேலே உள்ளதை 3,000 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றுங்கள். அடியில் கரும்பச்சையாகப் படிவதுதான் உங்கள் பொருள். அதை மைத்தூரிகையால் மெல்லக் கலக்குங்கள். பிப்பெட்டால் மேலும் கீழும் இழுத்தால் நுரை தட்டும்.

6. பச்சையத்தின் அளவு: என் முதல் தோல்வி

80 சதவீத அசிட்டோனில் கரைத்து, 645, 663 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்து, ஆர்னான் சூத்திரத்தில் போடுங்கள்: 645-இல் வந்ததை 20.2-ஆல் பெருக்கி, 663-இல் வந்ததை 8.02-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் மொத்தப் பச்சையம் என்று வரும். நீர்த்த விகிதத்தால் பெருக்க மறக்காதீர்கள்.

ஒளிர்வுக்கு இதை மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரை கொண்டுவாருங்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, இலேசான பச்சைச் சாயல்தான் இருக்கும். "இதிலெல்லாம் சிக்னல் வருமா?" என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. அதனால் முதல் தடவை பத்து மடங்கு கெட்டியாகக் கொண்டுபோனேன். 735-இல் மலை மாதிரி ஒரு முகடு, இரண்டாம் ஒளித்தொகுதிக்கான 685-இல் சின்னத் திட்டு. முதல் ஒளித்தொகுதி பெருகிவிட்டது என்று எழுதியே விட்டேன்.

பெருகவில்லை. 685-இல் வெளிவந்த ஒளியைப் பக்கத்திலிருந்த பச்சையமே மறுபடி விழுங்கிவிட்டது. 735-இல் வருவதைப் பச்சையம் அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் அது மட்டும் தப்பி வெளியே வந்தது. உங்களுடையது சரியா என்று பார்க்க ஒரே வழி: அதே மாதிரியை இன்னும் பாதியாக நீர்த்து எடுங்கள். முகடுகளின் விகிதம் மாறாமல் இருந்தால் சரி. மாறினால் இன்னும் நீர்த்துங்கள்.

7. உறைய வைப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

இலை வெளிச்சத்தைப் பார்த்து ஆற்றல் பங்கீட்டை மாற்றிக்கொள்ளும். இரண்டாம் தொகுதிக்கு அதிக ஒளி கிடைத்தால், அதன் ஒளிவாங்கிப் புரதங்களில் ஒரு பகுதி பாஸ்பேட் ஏறி முதல் தொகுதிப் பக்கம் நகர்ந்துவிடும். நிமிடங்களில் நடக்கும் வேலை இது. உறைய வைத்த நொடியில் எந்த நிலையில் இருந்ததோ அதுதான் நிறமாலையில் வரும். எனவே எல்லா மாதிரிக்கும் ஒரே வெளிச்ச வரலாறு வேண்டும். நான் செடியையே அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுப் பறித்தேன். ஃபேன்ஸி கடையில் வாங்கிய பச்சை ஜிகினாத் தாளை டார்ச்சில் மூன்று மடிப்பாகச் சுற்றி, அந்த மங்கலில்தான் வேலை செய்தேன்.

கைப்பேசியைப் பையில் வையுங்கள். கரும்பச்சைப் படிவு அழகாக இருக்கிறது என்று ஸ்டேட்டஸ் போட என் தோழி ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த பேட்ச் மாதிரிகளைத்தான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

60 சதவீத கிளிசரால் சேர்த்தால் உறையும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக நிற்கும். சேர்க்காவிட்டால் வெள்ளைப் பனிக்கட்டியாகி ஒளியைச் சிதறடிக்கும். கிளிசரால் பாகு மாதிரி இருக்கும், பிப்பெட் முனையைக் கத்தரித்துவிட்டு எடுங்கள், நன்றாகக் கலக்குங்கள். மாதிரியை ஊற்ற விலையுயர்ந்த குவார்ட்ஸ் குழாய் தேவையில்லை. தூண்டும் ஒளி கண்ணுக்குத் தெரியும் நீலம்தான், சாதாரணக் கண்ணாடி அதை விடும். ஐந்து மில்லிமீட்டர் என்எம்ஆர் குழாய் போதும். நுனியிலிருந்து மெதுவாக நைட்ரஜனில் இறக்குங்கள். சட்டென்று போட்டால் வெடிக்கும். வெளிவருவது திரவமா புகையா என்று பார்க்கக் குனியாதீர்கள்.

மாதிரியைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்றேனே, இதற்காகத்தான். நாம் இருட்டில் பொத்திக் கொண்டுபோனதை அங்கே ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு அது ஒரு பச்சைத் தண்ணீர்.

8. கருவி முன்னால்

தூண்டும் ஒளி 435 நானோமீட்டர், பார்க்கும் பகுதி 600 முதல் 800 வரை. 435-இன் இரட்டிப்பு 870, நம் பகுதிக்கு வெளியே போய்விடும். 350, 370 என்று வைத்தால் அதன் இரட்டிப்பு 700, 740-இல் பொய் முகடாக வந்து உட்காரும். டூவார் வெளிச் சுவரில் பனி படியும்; ஒவ்வொரு தடவையும் துணியால் துடையுங்கள், உலர்ந்த காற்றை ஊதினால் இன்னும் நல்லது. ஒளி போகும் உயரத்தில் நைட்ரஜன் குமிழ் விட்டால் கோடு நடுங்கும். கொதி அடங்கும்வரை பொறுங்கள். ஒரு மாதிரிக்கு மூன்று குழாயாவது வேண்டும், ஏனென்றால் குழாயைத் திருப்பி வைத்தாலே உயரம் மாறும். மொத்த உயரத்தை நம்பாதீர்கள், 685-ஐ ஒன்று என்று வைத்து விகிதத்தைப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடம். நேரடியாக ஸ்கேன் போடாமல் முதலில் ஒரு குழாயில் இதைச் செய்யுங்கள். பார்க்கும் அலைநீளத்தை 695-இல் நிறுத்துங்கள். நேரத்தைப் பொறுத்து அளக்கும் முறைக்கு மாற்றுங்கள். ஷட்டரைத் திறங்கள். கோடு சட்டென்று ஒரு உயரத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல ஏறி, சமமாக நிற்கும். அந்த ஏற்றம்தான் மைனஸ் 196-இல் ஓடுகிற எலக்ட்ரான். ஒவ்வொரு மையத்திலும், அதாவது பி680 இருக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஒரு எலக்ட்ரான் க்யூஏ வரை போகிறது. க்யூபி-க்கு வழி இல்லை, அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பி680 தன்னுடைய இழப்பைச் சைட்டோக்ரோம் பி559 மாதிரிப் பக்கத்து ஆட்களிடமிருந்து நிரப்பிக்கொள்கிறது. மையம் அடைபட்டுவிட்டதால் அடுத்து வரும் ஒளிக்கு வேலையில்லை, ஒளிர்வாக வெளியே வருகிறது. பாடப் புத்தகத்தில் பத்து வருடமாகப் படமாகப் பார்த்த அம்புக்குறி, திரையில் கோடாக ஏறுவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கருவி இயக்கிய அக்காவும் எழுந்து வந்து பார்த்தார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன் ஓடும்போதே இந்த ஏற்றமும் நடந்தால், 685-ஐக் கடக்கும்போது மையங்கள் பாதி திறந்தும் 735-க்கு வரும்போது முழுக்க அடைபட்டும் இருக்கும். நிறமாலை கோணிவிடும். அதனால் ஏற்றம் சமமாகும்வரை தூண்டும் ஒளியை அடித்துவிட்டுப் பிறகு ஸ்கேன் போடுங்கள். திறந்த மையங்களின் அளவு வேண்டுமென்றால் புதுக் குழாய்தான். இந்தக் குளிரில் அடைபட்ட மையம் நமக்காகத் திரும்பத் திறக்காது.

9. கோட்டைப் படிப்பது

மூன்று இடம் பாருங்கள். 685, 695 இரண்டும் இரண்டாம் ஒளித்தொகுதி; முதலாவது சிபி43 புரதப் பக்கம், அடுத்தது சிபி47. 735 வாக்கில் அகலமாக இருப்பது முதல் ஒளித்தொகுதி. அறை வெப்பத்தில் 735-இல் ஒரு சின்னத் தோள் மட்டும் இருந்ததே, இங்கே ஏன் மலையாகிறது? முதல் தொகுதியைச் சுற்றி ஆற்றல் குறைந்த 'சிவப்புப் பச்சையங்கள்' சில இருக்கின்றன. வாய்க்கால் ஓரத்துப் பள்ளம் மாதிரி. ஆற்றல் அங்கே விழும். அறை வெப்பத்தில் வெப்ப அசைவு அதை மேடேற்றி, முதல் தொகுதியின் நடுப் பச்சையமான பி700-க்குக் கொண்டுபோய்விடும். 77 கெல்வினில் தூக்கிவிட ஆளில்லை. பள்ளத்துத் தண்ணீர் பள்ளத்திலேயே நின்று ஒளியாக வெளிவருகிறது.

எனவே 735 உயர்ந்திருப்பதை "முதல் தொகுதி கூடிவிட்டது" என்று உடனே எழுத வேண்டாம். கெட்டியான மாதிரி, மெக்னீசியம் இல்லாமை, வெளிச்ச வரலாறு, சி4 இலை, இந்த நாலும் அதையே செய்யும். நாலையும் தள்ளிவிட்டு மிச்சம் இருந்தால் எழுதுங்கள்.

10. எனக்கு ஆன செலவு

மூன்றாவது, வெற்றிகரமான பயணத்துக்கு மட்டும். நைட்ரஜன் 15 லிட்டர், லிட்டர் 75 ரூபாய் வீதம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,328 ரூபாய். பன்னிரண்டு குழாய்க்கு உண்மையில் ஏழெட்டு லிட்டர்தான் செலவானது. ஆனால் டூவாரைக் குளிர்விக்கவே முதலில் நிறையக் குடிக்கும், குறைத்து வாங்காதீர்கள். வண்டி வாடகை 1,400. கருவி மூன்று மணி நேரம், மணிக்கு 600, ஜிஎஸ்டியோடு 2,124. என்எம்ஆர் குழாய் 1,800. கழுவி வைத்திருக்கிறேன், அடுத்த பேட்ச் எடுத்துக்கொண்டது. ஆக 6,652. கேனுக்கு 5,000 ரூபாய் முன்பணம். முதல் இரண்டு பயணங்களைச் சேர்த்தால் கணக்கு அழுகையில் முடியும், விட்டுவிடுகிறேன்.

கேனைத் திருப்பிக் கொடுக்கும்போது மிச்ச நைட்ரஜனைத் தரையில் கொட்டி வேடிக்கை காட்டாதீர்கள், டைல்ஸ் வெடிக்கும். கேனுக்குள்ளேயே விடுங்கள். டீலர் கடைப் பையன் கேன் கழுத்தின் உட்புறம் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பான், முன்பணம் திரும்புவது அதைப் பொறுத்துத்தான். நிரப்பிய அன்றைக்கே நீங்களும் அதே மாதிரி டார்ச் அடித்துப் பார்த்து, இருக்கிற கீறலை ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.